எஞ்சியதற்கு ஒரு கூரை

ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டதில், 1795-இல் போலந்து என்ற நாடே வரைபடத்திலிருந்து காணாமல் போனது. அந்த இருண்ட காலத்தில் கட்டடக் கலைஞர் பியோத்தர் ஐக்னர், இளவரசி இசபெலா சார்தோரிஸ்காவுக்காகப் புவாவி ஊரில் ஒரு மண்டபம் கட்டினார். இத்தாலியின் திவோலியில் உள்ள ரோமானியக் கோயிலின் சாயலில், தூண்கள் சூழ்ந்த வட்டமான ‘சிபில் ஆலயம்’ அது. 1801-இல் திறக்கப்பட்ட அதுவே போலந்தின் முதல் அருங்காட்சியகம். 1410-ஆம் ஆண்டு கிருன்வால்ட் போரின் நினைவாகப் போற்றப்பட்ட இரட்டை வாள்கள் உள்ளே இருந்தன. வாசலின் மேல், ‘கடந்த காலம், வருங்காலத்துக்கு’ என்ற வாசகம். 1918-இல் போலந்து மீண்டும் தனி நாடானது.

இழந்ததை எண்ணி மாய்வதில் பயனில்லை. எஞ்சியதைக் காப்பாற்ற முதலில் ஒரு கூரை போடுங்கள்.