வாசலில் அடித்த தகடு

அடுத்த கடையில் தீப்பிடித்தால் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் ஒரு காசு இன்ஷூரன்ஸ் கட்டாதவர், நாமோ ஆண்டு தவறாமல் கட்டுபவர். நம் பணத்தில் நடக்கும் தீயணைப்பு வண்டி அவருடைய சரக்கையும் காப்பாற்றத்தான் வேண்டுமா? லண்டன் மாநகரில் மெய்யாகவே எழுந்த கேள்வி இது.

1666 செப்டம்பரில் அந்நகரின் ரொட்டிக்கடை ஒன்றில் பற்றிய தீ நான்கு நாள் எரிந்து, ஏறத்தாழ 13,200 வீடுகளைச் சாம்பலாக்கியது. பிறகு 1680இல் நிக்கலஸ் பார்பன் என்பவர் தீ இன்ஷூரன்ஸ் தொழிலைத் தொடங்கினார். அவரைப் பார்த்துப் பல கம்பெனிகள் முளைத்தன. வீடுகளுக்குக் கதவிலக்கம் இல்லாத காலம் அது. எந்த வீடு யாருடைய பொறுப்பு என்று காட்டுவதற்காக ஒவ்வொரு கம்பெனியும் தன் சின்னத்தை ஈயத்தில் வார்த்து, வீட்டு முகப்பில் உயர அடித்து வைத்தது. 1696இல் தோன்றிய 'ஹேண்ட் இன் ஹேண்ட்' கம்பெனிக்குக் கோத்த கைகள். 1710இல் தோன்றிய 'சன்' கம்பெனிக்கு முகம் வரைந்த சூரியன். அடியில் பாலிஸி எண். தகடு அடிக்கப்படும் வரை அந்த வீட்டுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று சன் கம்பெனி ஆரம்பத்தில் விதியே வைத்திருந்தது. கணக்கில் கெட்டிக்காரர்கள்!

தேம்ஸ் நதியின் படகோட்டிகளைக் கூலிக்கமர்த்தி, சீருடை தந்து, தீயணைப்புப் படைகளையும் இக்கம்பெனிகளே நடத்தின. இங்கேதான் ஒரு கதை கிளம்பிற்று. தங்கள் தகடு இல்லாத வீட்டை இப்படைகள் எரியவிட்டு வேடிக்கை பார்த்தன என்பார்கள். இதற்கு உறுதியான சான்று கிடையாது. ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் தகடில்லாத வீட்டை எரியவிட்டால், அடுத்து எரிவது தகடுள்ள வீடு. எனவே அணைத்தார்கள்.

அப்படியானால் அது தருமமா, சுயநலமா? இரண்டும் கலந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. கூரையிழந்து தெருவில் நிற்க இருந்தவனுக்கு, தண்ணீர் ஊற்றியவனின் மனக்கணக்கை ஆராய அவகாசம் ஏது? ஆனால் தண்ணீர் ஊற்றியவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளலாம். அடுத்த வீடு நூறு கஜத்துக்கு அப்பால் இருந்திருந்தால் வந்திருப்பேனா என்று. அதற்கு ஒவ்வொருவரும் தனியே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

1833இல் லண்டன் கம்பெனிகள் பல ஒன்றுகூடி, ஜேம்ஸ் பிரெயிட்வுட் என்பவரின் தலைமையில் ஒரே படை அமைத்தன. இன்ஷூரன்ஸ் உள்ளதா இல்லையா என்று பாராமல் அப்படை தீயணைத்தது. 1861 ஜூனில் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபோது, சுவர் இடிந்து விழுந்து பிரெயிட்வுட் மாண்டார். நட்டத்தில் தத்தளித்த கம்பெனிகள் அரசாங்கத்திடம் முறையிட்டன: ஊர் முழுவதையும் காக்கும் செலவை நாங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

முறையீட்டில் நியாயம் இருந்தது. பணம் கட்டியவன் கட்டாதவனுக்காக எத்தனை காலம் சுமப்பான்? என்றாலும் அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். தகடில்லா வீடுகளை இனி எரியவிடுவோம் என்று அவர்கள் கேட்கவில்லை. சுமையை எல்லோர் தோளிலும் ஏற்றுங்கள் என்றே கேட்டார்கள். 1865இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் தீயணைப்பு பொதுப்பணமும் கொண்டு நடக்கும் பொதுப்பணி ஆயிற்று. கம்பெனிகளும் தாங்கள் ஏற்ற பத்து லட்சம் பவுனுக்கு 35 பவுன் வீதம் செலுத்தி வந்தன. பாலிஸிக்காரர் வாங்குவது நட்டஈடு. தண்ணீர் எல்லோருக்கும் என்று கணக்கு பிரிந்தது. இந்தப் பிரிவினை சரி என்பதே என் அபிப்பிராயம். கட்டாதவன் தன் சரக்கின் நட்டத்தைத் தானே ஏற்கிறான், அந்தத் தண்டனை போதாதா?

அந்தத் தகடுகள் சில லண்டனின் பழைய வீடுகளில் இன்றும் இருக்கின்றன. சூரியனின் முகம் தேய்ந்திருக்கும். பாலிஸி எப்போதோ காலாவதியாகிவிட்டது. எண் மட்டும் ஈயத்தில் அப்படியே நிற்கிறது.