தெரியாமல் இருப்பது பரிசுத்தமா?



நம் வாலிபப் பிள்ளைகளிடம் எச்.ஐ.வி.யைப்பற்றி வீட்டிலேயே பேசலாமா? போன மாதம் சகோதரிகள் கூடுகையில் இதைக் கேட்டேன். "ஐயோ சிஸ்டர், அதெல்லாம் சொன்னா பிள்ளை கெட்டுப்போயிடும். நம்ம பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார்கள் ஒரு அக்கா. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றும் தெரியாதிருப்பதும் பரிசுத்தமாயிருப்பதும் ஒன்றுதானா? யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான் என்றால், எதற்குத் தப்பி ஓடுகிறோம் என்று தெரிந்துதானே ஓடினான்!

இந்தப் பயம் நமக்கு மாத்திரம் உள்ளதல்ல. கென்யா தேசத்தில் விக்டோரியா ஏரிப் பக்கத்துக் கிராமங்களிலே எச்.ஐ.வி. மிகுதி. அங்கே 2003-2004-இல் 'ஃபேமிலீஸ் மேட்டர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பாடம் பிள்ளைகளுக்கு அல்ல, 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு! வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம், ஐந்து வாரம். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, தாங்கள் நம்புகிற ஒழுக்கத்தை எப்படித் தெளிவாய்ச் சொல்வது என்று பழக்கினார்கள். ஒரு வருஷம் கழித்து விசாரித்தபோது, வீட்டில் பேச்சு வளர்ந்திருக்கிறது என்று பெற்றோர் சொன்னார்கள். பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். பின்னாட்களில், பிள்ளைகளுக்கு நேரிடும் பாலியல் கொடுமையைப்பற்றி ஆறாவது பாடத்தையும் சேர்த்தார்கள்.

இந்த ஆறாவது பாடந்தான் என்னை அதிகமாய் யோசிக்க வைக்கிறது. 'எச்.ஐ.வி. தேவன் கொடுத்த தண்டனை' என்று மாத்திரம் சொல்லி வாயை மூடிக்கொள்கிற வீட்டில், ஒரு பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்துவிட்டால் அது எந்த முகத்தோடு நம்மிடம் வரும்? தவறியே போயிருந்தாலும் யாரிடம் போகும்? புருஷனால் தொற்றுக்கு ஆளான மனைவியும், பிறக்கும்போதே பெற்றுக்கொண்ட குழந்தையும் சபைகளில் இல்லையா? சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது, கர்ப்பிணி ஒழுங்காய் மருந்து எடுத்தால் பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம் என்பதையும் பிள்ளை நம் வாயிலிருந்தே கேட்கட்டுமே. வெளியே கேட்பதெல்லாம் பாதி உண்மை, பாதி அசிங்கம்.

வெட்கமாயிருக்கிறது என்பீர்கள். நீதிமொழிகள் 5 முதல் 7 வரை வாசித்துப் பாருங்கள். ஒரு தகப்பன் தன் மகனிடம் இச்சையைப்பற்றியும் இருட்டின தெருவைப்பற்றியும் ஒளிக்காமல் பேசுகிறான். போதகர் பார்த்துக்கொள்வார் என்று அவன் விட்டுவிடவில்லை!

பாஸ்டர் ஐயாவிடம் கேட்டேன். வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும், பெற்றோர் மாத்திரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதைப் பேச ஒத்துக்கொண்டார்கள். சபையிலுள்ள நர்ஸ் அக்கா ஒருவர் விளக்கம் சொல்லுவார்கள். தகப்பன்மாரும் வரவேண்டும். "அதெல்லாம் அவங்க அம்மா பேசிக்கட்டும்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.