கேட்ட விசாவும் கிடைத்த விசாவும்

பிரான்ஸில் 90 நாளுக்கு மேல் தங்கப்போகிறவர் நீண்டகால விசா வாங்க வேண்டும். 90 நாளுக்குள் முடியும் பயணத்துக்கான ஷெங்கன் விசா பல நாடுகளுக்கும் பொதுவானது. அதன் வகை எழுத்து ‘சி’. நீண்டகால விசாவை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தனியாகக் கொடுக்கிறது. அதன் எழுத்து ‘டி’. பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டப்படும் அந்த ஸ்டிக்கரில் புகைப்படம், பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை முறை நுழையலாம் என்ற விவரங்கள் இருக்கும். வாங்கியவர்கள் பெரும்பாலும் தேதியையும் பெயரின் எழுத்தையும் சரிபார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். அடியில் ‘குறிப்பு’ என்ற இடத்தில் பிரெஞ்சு மொழியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். வந்திருப்பது எந்த ‘டி’ என்பதை அந்த வரிதான் சொல்கிறது.

ஏனென்றால் ‘டி’ ஒன்றல்ல. ஒரு வகை, வசிப்பு அட்டைக்கு ஈடாகவே மதிக்கப்படுவது. வி.எல்.எஸ்.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த ஏற்பாடு 2009இல் வந்தது. பிரான்ஸில் இறங்கி மூன்று மாதத்துக்குள் இணையத்தில் விவரங்களைப் பதிந்து, அதற்கான வரியைக் கட்டி உறுதிசெய்துவிட்டால் அந்த ஸ்டிக்கரே வசிப்பு அட்டையாகிவிடும். அதன் ஆயுள் ஒரு வருடத்தைத் தாண்டாது. ஆனால் முடிவதற்கு முன்பே, பிரான்ஸில் இருந்தபடியே, பிரெஃபெக்சர் எனப்படும் உள்ளூர் அரசு அலுவலகத்திடம் மேற்கொண்டு தங்க விண்ணப்பிக்கலாம். இன்னொரு வகை வி.எல்.எஸ்.டி. இதுவும் ஒரு வருடம் வரை கிடைக்கும். பதிவு வேண்டாம், வரி வேண்டாம். வசிப்பு அட்டை எடுப்பதிலிருந்து தற்காலிக விலக்கு என்று குறிப்பு வரி சொல்லும். பார்வைக்கு இதுதான் சுலபமானது. ஆனால் தேதி முடிந்ததும் புறப்பட வேண்டும். அங்கிருந்தபடி நீட்டிக்க முடியாது. மூன்றாவது வகை, வந்து இரண்டு மாதத்துக்குள் வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்வது. இதை வைத்திருப்பவர் முதல் வகை என்று நினைத்து இணையத்தில் பதியப் போனால் அந்த விசா அங்கே ஏறாது. இரண்டு மாதக் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கேட்டதற்கு மாறான வகை கிடைப்பது எங்கே நேர்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது கடினம். வேலை செய்யாமல் சொந்தச் செலவில் தங்க விரும்புபவர் ‘வருகையாளர்’ என்ற பிரிவில் விண்ணப்பிக்கிறார். வருமானத்துக்கும் தங்குமிடத்துக்கும் காப்பீட்டுக்கும் சான்று வைக்க வேண்டும். பிரான்ஸில் வேலை செய்யமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எவ்வளவு காலம் தங்கப்போகிறீர்கள் என்ற கேள்விக்குப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும்: மூன்று முதல் ஆறு மாதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒரு வருடத்துக்கு மேல். முதல் வருடத்தை அங்கே கழித்துவிட்டுப் பிறகு நீட்டிக்க நினைப்பவர் எந்தக் கட்டத்தில் குறி போடுவது? கிடைக்கக்கூடியதே ஒரு வருட விசாதான் என்று எண்ணினால் இரண்டாவது. மனதில் உள்ளதைச் சொன்னால் மூன்றாவது. படிவம் எண்ணத்தைக் கேட்கிறதா, விசாவின் அளவைக் கேட்கிறதா என்று விளக்க அந்தக் கட்டத்தின் பக்கத்தில் இடமில்லை.

காரைக்காலில் பிறந்த, எழுபது வயது நெருங்கிய ஒரு பெண்மணிக்கு இப்படி நேர்ந்தது. மகள் லியோனில் வேலைபார்க்கிறார். பேரனுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. பிரான்ஸில் 2019 முதல் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். அதுவரை குழந்தைக் காப்பகத்தில் இடம் கிடைக்க வேண்டும், அல்லது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பேரன் பள்ளியில் சேரும்வரை இருந்துவிட்டு வருகிறேன் என்று அந்தப் பெண்மணி அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு வருடம். அதனால்தான் நீட்டிக்கக்கூடிய விசாவைக் கேட்டு, காரணத்தைக் கடிதமாகவும் எழுதி இணைத்திருந்தார்கள். பாஸ்போர்ட் திரும்பி வந்தது. ஒரு வருடம், பலமுறை நுழையலாம், வகை ‘டி’. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. “அம்மா, அடியில ஒரு வரி இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு” என்று மகள் கேட்டபிறகுதான் வந்திருப்பது விலக்கு வகை என்று தெரிந்தது.

பயணத்துக்கு முன்பே இது தெரியவந்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்ணப்பப் படிவத்தின் நகல், இணைத்த கடிதம், ரசீது ஆகியவற்றோடு விசா கொடுத்த தூதரகத்துக்கு எழுதி, திருத்தித் தரும்படி கேட்கலாம். தூதரகம் ஏற்றுக்கொண்டால் பழைய ஸ்டிக்கரை ரத்துசெய்து புதிதாக ஒட்டித் தரும். ஏற்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எத்தனை நாளாகும் என்பதும் சொல்வதற்கில்லை. அதுவரை பாஸ்போர்ட் கையில் இருக்காது. விண்ணப்ப மையத்தில் கேட்டுப் பயனில்லை. அங்கே காகிதங்களை வாங்கி அனுப்புவார்களே தவிர, முடிவு அவர்களுடையதல்ல. பிரான்ஸுக்குள் நுழைந்தபிறகு வழி மேலும் குறுகிவிடுகிறது. தூதரகம் கொடுத்த வகையைப் பிரெஃபெக்சர் மாற்றித் தருவதில்லை என்பதே பொது நிலை. ஊர் திரும்பிப் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நீண்டகால விசாவை மறுத்தால் மறுத்ததாகக் கடிதம் வரும். 30 நாளுக்குள் நாந்த் நகரில் உள்ள ஆணையத்திடம் முறையிடலாம். வேறு வகையைக் கொடுத்துவிட்டால் கையில் மறுப்புக் கடிதம் என்று எதுவும் இருக்காது. இருப்பது விசா, அதுவும் நல்ல விசா. மறுக்கப்பட்டவருக்கு ஏன் என்று கேட்க இடம் இருக்கிறது. கொடுக்கப்பட்டவர் ஏன் என்று கேட்டால் நன்றியில்லாதவரைப் போலத் தெரிகிறார். எந்த வகை விசா கொடுக்கப்பட்டிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எதைச் செய்ய முடியாது என்று வாங்குபவர் படிக்கக்கூடிய மொழியில் ஒரு தாளில் அச்சிட்டுப் பாஸ்போர்ட்டோடு வைத்துக் கொடுப்பது எந்த அரசுக்கும் இயலாத காரியமல்ல. வயதானவர்கள் தங்குவது ஒரு வருடமா இரண்டு வருடமா என்று முடிவுசெய்கிற வரி, அவர்கள் படிக்க முடியாத மொழியில் அடிக்குறிப்பாக இருப்பது குறைதான்.

மகள் திருத்தம் கேட்கலாம் என்றார். தாய் வேண்டாம் என்றார். பயணச்சீட்டு எடுத்தாயிற்று, பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பினால் எப்போது வருமோ, ஒரு வருஷம் போதும். அந்தக் கடைசிச் சொற்களில்தான் யோசனை சிக்கிக்கொள்கிறது. விசா வருவதற்கு முந்தைய வாரம் வரை அவர் கணக்கில் இருந்தது பேரன் பள்ளிக்கூடம் போகிற நாள். ஒரு வருடம் என்ற அளவு அதற்குமுன் அவர் பேச்சில் வந்ததே இல்லை. ஒரு வருடம் போதும் என்பது அவருக்குத் தோன்றியதா, அல்லது ஸ்டிக்கரின் அடியில் இருந்த வரி அவர் வாயில் போய் உட்கார்ந்துகொண்டதா? ஒருவேளை முழு விசாவே கிடைத்திருந்தாலும் அவர் ஒரு வருடத்தில் திரும்பியிருப்பார். அப்படியானால் அவர் எதையும் இழக்கவில்லை. பயன்படுத்தியே இருக்கமாட்டாத ஒரு வாய்ப்பு பறிபோனால் அதை இழப்பு என்று சொல்லலாமா?

அவர் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு முன்வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று, புதுச்சேரி, மாஹே, ஏனாம் ஆகியவற்றோடு இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது. அதற்காக இந்தியாவும் பிரான்ஸும் 1956 மே மாதம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 வரை ஆயிற்று. அதன்படி, அந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்துவந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றுமுதல் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மணமாகாத, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தகப்பன்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பெண்மணியின் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா, எழுதிக் கொடுத்தார். தகப்பனார் கடை வைத்திருந்தார், எழுதிக் கொடுக்கவில்லை. வீட்டில் இதைப் பற்றிச் சண்டை நடந்ததாகச் சிறுமியாக இருந்த அவருக்கு நினைவில்லை. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ தாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. கெடு 1963 பிப்ரவரியில் முடிந்தது. பெரியப்பா பிள்ளைகள் பிறகு பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். விடுமுறைக்கு வரும்போது சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். தகப்பனார் வருத்தப்பட்டாரா என்று கேட்டால், நமக்கு இந்த ஊரே போதும் என்றுதான் கடைசிவரை சொன்னார் என்கிறார் அந்தப் பெண்மணி.

அந்தப் ‘போதும்’ எப்போது வந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. கெடு முடிவதற்கு முன்பே அவருக்கு அது போதுமாக இருந்திருந்தால் அது முடிவு. முடிந்தபிறகு வந்திருந்தால் வேறு ஏதோ. அன்று அவர் எழுதிக் கொடுத்திருந்தால் இன்று இந்தப் பெண்மணிக்கு விசாவே வேண்டியிருக்காது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு இறங்கியிருப்பார். ஆனால் அப்படி இறங்குபவர் இவராக இருந்திருப்பாரா, லியோனில் இந்த மகளும் பேரனும் இருந்திருப்பார்களா என்று யோசித்தால் கணக்கு எங்கோ போய்விடுகிறது.

ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் தன் இறுதிக் காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், எது இழப்பு என்ற கேள்வியை ஒட்டிய ஓர் இடம் உண்டு. 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டபோது இங்கிலாந்தில் இருந்த அவருடைய பாஸ்போர்ட் செல்லாததாகி, நாடற்றவர்களுக்கான ஒரு தாளை அங்கே கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அன்றாட வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வீடு இருந்தது, எழுத்து நடந்தது. ஆனால் முன்பு உரிமையாகக் கையில் இருந்தது இப்போது சலுகையாகிவிட்டது, எந்த நேரமும் திரும்ப வாங்கிக்கொள்ளப்படலாம் என்ற உணர்வு அவரை விடவில்லை. ஒரு வருட விசா கிடைத்த பாட்டியின் நிலையை ஸ்வைக்கின் நிலையோடு சேர்த்துப் பேசுவது தவறு. அவர் இழந்தது நாடு. ஆயினும் நடைமுறையில் எதுவும் மாறாதபோதும் ஒருவருக்கு இழப்பு நேரலாம் என்பதை அந்த இடம் ஐயமில்லாமல் காட்டுகிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெண்மணியின் பதில் குறையாகத் தெரியாது, முதிர்ச்சியாகவே தெரியும். நார்வே நாட்டுச் சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் 1983இல் வெளியிட்ட ஒரு நூலுக்குப் புளித்த திராட்சை என்றே பெயர் வைத்தார். எட்டாததை வேண்டாம் என்று சொல்வதில் இரண்டு விதம் உண்டு என்பது அவர் வாதம். ஒன்றில் ஆசை தானறியாமல் சுருங்குகிறது; மற்றொன்றில் மனிதர் தெரிந்தே தன் மனதைப் பழக்கிக்கொள்கிறார். இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளமும் சொன்னார். முதல் விதத்தவர் கிடைக்காததைத் தாழ்த்திப் பேசுவார். இரண்டாம் விதத்தவர் கிடைத்ததை உயர்த்திப் பேசுவார். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் காரைக்கால் பெண்மணி நடுவில் நிற்கிறார். இரண்டாவது குளிர்காலம் எனக்கு ஒத்துக்காது என்றும் சொன்னார். ஊரில் தங்கை தனியாக இருக்கிறாள், ஒரு வருஷத்தில் வந்துவிட்டால் அவளையும் பார்த்துக்கலாம் என்றும் சொன்னார். இரண்டுமே உண்மை. இரண்டில் எது முதலில் வந்தது என்பதைக் கேட்டவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

விசா முடிவதற்குள் அவர் ஊர் திரும்பிவிட்டார். அப்போது பேரன் நடக்கப் பழகி, பேசத் தொடங்கியிருந்தான். பள்ளிக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. மறுபடி நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்கத் தடை எதுவும் இல்லை. சான்றுகளைப் புதுப்பித்து, கட்டணம் கட்டி, இம்முறை எந்த வகை வேண்டும் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதினால் போதும். மகள் படிவத்தைத் தரவிறக்கி வைத்திருக்கிறார். தாய் பார்க்கலாம் என்கிறார். அவருக்குப் போக விருப்பமில்லையா, ஒரு வருடம் உண்மையிலேயே போதுமாகிவிட்டதா, இல்லை முதல் தடவை கிடைத்த பதில் அவருடைய கேள்வியையே குறைத்துவிட்டதா என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்குகிறதா என்பதும் சந்தேகம்தான்.