வழிதவறி வந்த பொருள்

மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர், இரும்புக் கதவின் உட்புறம் ஒரு பொதி கிடப்பதைக் காண்கிறார். எடுத்துச் சென்று மேசைமேல் வைக்கிறார். மனைவி வாங்கியிருப்பாள் என்று அவர் எண்ணுகிறார். கணவர் வாங்கியிருப்பார் என்று அந்த அம்மையார் எண்ணுகிறார். அதற்குள் பிள்ளைகள் கத்தரிக்கோல் கொண்டு உறையைப் பிரித்துவிடுகின்றனர். உள்ளே ஓர் அழகிய கைக்கடிகாரம். அதன் பிறகுதான் உறையின்மேல் எழுதியிருக்கும் பெயரை ஒருவர் படிக்கிறார். அது அவ்வீட்டார் எவருடைய பெயரும் அன்று. இதுவரை அவ்வீட்டில் எவரும் குற்றம் செய்யவில்லை. அடுத்த கால்மணி நேரத்தில் அவர்கள் என்ன செய்யப் போகின்றனர் என்பதில்தான் அறத்தின் வினா பிறக்கிறது.

இத்தகைய பிழைகள் நேர்வது வியப்பன்று. மலேசியாவின் குடியிருப்புப் பகுதிகளில் ஒரே மலரின் பெயரைப் பல தெருக்கள் தாங்கி நிற்கின்றன. 'ஜாலான் மெலாத்தி 2' என்பதற்கும் 'ஜாலான் மெலாத்தி 12' என்பதற்கும் இடையே இருப்பது ஒரேயோர் இலக்கந்தான். சிங்கப்பூரின் அடுக்குமாடிகளிலோ புளோக் எண், மாடி எண், வீட்டு எண் ஆகிய மூன்றும் பிழையின்றிச் சேர்ந்தால்தான் அது முகவரி. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொதிகளைச் சுமந்து விரையும் ஓர் ஊழியர் 215 என்பதை 251 என்று படித்துவிட்டால், அவரைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு இச்சிக்கல் பழகிப்போன ஒன்று. அக்காலத்தில் கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்திற்கே வந்து சேரும். கிராணியார் பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பார். ஒரே தோட்டத்தில் மூன்று இராமசாமிகளும் நான்கு முனியம்மாக்களும் இருந்தால், தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்லாத குறையால் ஒருவர் கடிதம் மற்றொருவர் கைக்குப் போய்விடும். எழுத்தறிந்த ஒருவர் அதைப் படித்துக் காட்டும்போதுதான், நோயுற்றுக் கிடப்பவர் வேறொருவருடைய தாய் என்பது விளங்கும். அக்கடிதங்கள் பெரும்பாலும் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். இதைக் கொண்டு அக்கால மக்களின் நேர்மையைப் போற்றுவோர் உண்டு. போற்றுவதில் தவறில்லை, எனினும் ஒன்றைக் கருத வேண்டும். பிறருக்கு வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அடையக்கூடிய பயன் யாதொன்றும் இல்லை. கைக்கடிகாரமோ யார் கையில் கட்டினாலும் ஓடும்.

வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில், பிறர்பொருளைக் கவர வேண்டும் என்று உள்ளத்தால் நினைப்பதையே தீமை என்று வைத்தார். முதலில் உள்ளம் விழைகிறது, பின்னர் கை நீள்கிறது என்பதே களவின் இயல்பான வரிசை. வழிதவறி வந்த பொருளின் நிலையில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. பொருள் முதலில் கைக்கு வந்துவிடுகிறது. உள்ளம் சற்றுத் தாமதித்து வருகிறது. ஆகவேதான், "நான் திருடவில்லையே, தானாக வந்ததுதானே" என்று ஒருவர் உண்மையாகவே நம்பிச் சொல்ல முடிகிறது. வந்த விதத்தில் இருந்த தூய்மை, வைத்துக்கொள்வதிலும் தொடர்கிறது என்று அவர் கருதிக்கொள்கிறார்.

சட்டம் இந்த இடத்தைக் கூர்ந்து நோக்கியிருக்கிறது. மெக்காலே தலைமையில் 1837-இல் வரையப்பெற்று, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டமே மலேசிய, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டங்களுக்கு மூலம். அவற்றின் 403-ஆம் பிரிவு தரும் எடுத்துக்காட்டு ஒன்று எண்ணத்தக்கது. பிறர்பொருளைத் தம்முடையது என்று நல்லெண்ணத்தோடு நம்பி எடுத்தவர் திருடர் அல்லர். ஆனால் தம் பிழையை உணர்ந்த பின்பும் அதனை நேர்மையின்றித் தமக்கென ஆக்கிக்கொண்டால் அவர் குற்றவாளி. இன்னோர் எடுத்துக்காட்டில், சாலையில் கிடந்த நாணயத்தை, உரியவர் யாரென அறியாமல் எடுத்தவரைச் சட்டம் விட்டுவிடுகிறது. பணத்தாளோடு கிடந்த கடிதத்தை எடுத்து, அதிலிருந்து உரியவரை அறிந்த பின்னும் பணத்தை வைத்துக்கொண்டவரை விடுவதில்லை. நாணயத்தில் பெயரில்லை. பொதியிலோ பெயரும் முகவரியும், பெரும்பாலும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. உரியவரை அறிய வழியில்லை என்று சொல்ல அங்கே இடமே இல்லை. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் தன் 73-ஆம் பிரிவில், தவறுதலாகத் தரப்பட்ட பணத்தையோ பொருளையோ பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று சுற்றி வளைக்காமல் விதிக்கிறது.

ஆயினும் பெற்றவர்மீது எல்லாச் சுமையையும் ஏற்றுவது முறையன்று. பிழை அவருடையது அன்றே! பத்து மூட்டை அரிசி கேட்ட மளிகைக் கடைக்காரருக்குப் பன்னிரண்டு மூட்டைகள் வந்து இறங்கினால், மிகையான இரண்டை அவர் மறுக்கலாம். பன்னிரண்டையும் ஏற்றால் பன்னிரண்டுக்கும் விலை தரவேண்டும். மறுத்தவற்றைத் தம் செலவில் லாரி ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை; மறுத்ததைத் தெரிவித்தால் போதும். 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் வகுத்துள்ள இந்த அளவு நியாயமானதாகவே தோன்றுகிறது. பிறர் பிழைக்காகப் பணம் செலவிட ஒருவர் கடமைப்பட்டவர் அல்லர். வாய்திறந்து சொல்லக் கடமைப்பட்டவர்.

வேண்டுமென்றே கேளாத பொருளை அனுப்பிவிட்டுப் பின்னர் விலை கேட்டு மிரட்டும் வணிகர் கதை வேறு. அத்தகையோரை அடக்கவே, கேளாது வந்த பொருளைக் குறித்த காலத்துக்குள் அனுப்பியவர் எடுத்துச் செல்லாவிட்டால் அது பெற்றவருக்கே உரியதாகும் என்று 1971-இல் பிரிட்டனில் சட்டம் இயற்றினர். சூழ்ச்சிக்கு எதிரான அக்காப்பைப் பிழைக்கும் பொருத்திக்கொண்டு, "சட்டமே எனக்குத் தந்துவிட்டது" என்பார் சிலர். வலையை விரித்தவனும் வழிதவறியவனும் ஒருவனல்லன்.

"வீட்டுக்கு வந்த இலட்சுமியை விரட்டலாமா" என்று கேட்பாரும் உளர். இலட்சுமி முகவரி ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். "அனுப்பியது பெரிய நிறுவனம், அதற்கு இது ஒரு தூசு" என்னும் வாதம் இதனினும் வலியது போலத் தோன்றும். ஆனால் இழப்பு மேலேயே தங்கிவிடுவதில்லை. நிறுவனத்திலிருந்து அது வீட்டிலிருந்தே விற்கும் சிறு வியாபாரியிடமோ, பொதிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஊழியரிடமோ படிப்படியாக இறங்கிவரக்கூடும். எந்தப் படியில் அது நிற்கும் என்பதைக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டவர் அறியமாட்டார். அறிய விரும்பவும் மாட்டார்.

வைத்துக்கொள்ளும் எண்ணமே இல்லாதவர் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. அது தாமதம். மலேசியாவில் அரசாங்க மருத்துவமனை மருந்துகளை அஞ்சல்வழி பெறும் ஏற்பாடு இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைப் பொட்டலம் ஒன்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டதாகக் கொள்வோம். பெற்றவர் நல்லவர்; பிரிக்கவும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்போம்" என்று அலமாரியின்மேல் வைக்கிறார். அங்கே ஒரு முதியவர், மிஞ்சியிருக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாட்களை நீட்டிக்கொண்டிருக்கலாம். பெற்றவருக்கு அது ஒரு பொட்டலம். உரியவருக்கு அது என்ன என்பது பெற்றவருக்குத் தெரியாது. தெரியாது என்பதே விரைவதற்குப் போதிய காரணம். 403-ஆம் பிரிவு இந்த மனிதரைத் தீண்டாது. ஆயினும், கடிகாரத்தை வைத்துக்கொண்டவரைவிட இவரால் விளைந்த கேடு பெரிதாயிருக்கவும் கூடும்.

உணவு வழிதவறி வந்தால் நிலைமை இன்னும் நெருக்கடியானது. ஆறிப்போகும் சோற்றை மூன்று நாள் பாதுகாத்தல் இயலாது. உரியவரையும் கடையையும் அழைத்துப் பார்த்தபின், "நீங்களே உண்ணுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் அது கொடையாகிவிடும். ஒருவரும் விடையளிக்காத வேளையில் அதை உண்பவரைப் பழிப்பதற்கில்லை. அழைக்காமலே உண்டவர் நிலை அதுவன்று.

ஊழியருக்கு இரங்குவோர் வேறொரு தயக்கம் கொள்வர். நிறுவனத்துக்குத் தெரிவித்தால் அவர் வேலைக்கு இடர் வருமே என்பது அவர்தம் கவலை. நல்ல கவலைதான். உரியவர் வீடு அருகில் இருப்பின் நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுமுறை அந்த ஊழியரைக் காணும்போது அவரிடம் மட்டும் சொல்வது இயலாததன்று.

கடிகாரம் வந்த வீட்டாருக்கு எஞ்சியிருக்கும் தடை, கத்தரிக்கோல் பட்ட அந்த உறைதான். பிரித்த பொதியைக் கொண்டுபோய் நீட்டும்போது எதிரில் நிற்பவர் ஒரு கணம் உறையையும் ஒரு கணம் முகத்தையும் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அஞ்சியே எத்தனையோ பொருள்கள் அலமாரிகளில் தங்கிவிடுகின்றன. "எங்களுக்கு வந்தது என்று எண்ணிப் பிள்ளைகள் பிரித்துவிட்டார்கள்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். பன்னிரண்டாம் தெருவுக்கு நடந்தால் பத்து நிமிடம்.