பச்சை விளக்கும் சம்பளப் பட்டியலும்

சர்வர் அறையில் பச்சை விளக்குகள் யாவும் எரிந்துகொண்டிருக்க, சம்பளப் பட்டியல் திறக்காமல் குமாஸ்தா ஒருவர் திரைமுன் காத்திருப்பாராயின், யந்திரங்கள் சௌக்கியம், சேவைதான் சௌக்கியமில்லை என்று கொள்ள வேண்டும். 1980-களில் பிரிட்டிஷ் அரசாங்கம் கணினி நிர்வாகத்துக்கென வகுக்கத் தொடங்கிய ஐடிஐஎல் என்னும் நெறித்தொகுப்பு, யந்திரத்தை விடுத்து அதனால் பயனடையும் மனிதரிடமிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்லிற்று. தடைப்பட்ட சேவையை உடனே மீட்பது ஒரு காரியம், தடையின் மூலகாரணத்தை ஆராய்வது வேறு காரியம் என்றும் பிரித்துக் காட்டிற்று. ஒப்பந்தத்தில் சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்கும் என்று எழுதுவது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எஞ்சிய அற்பப் பின்னம் வருஷத்துக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிஷம் என்பதையும், அது மாதக் கடைசியன்று மொத்தமாக வந்து விழலாம் என்பதையும் அந்தச் சதவீதம் சொல்வதில்லை.