கொடையும் நிபந்தனையும்

கைம்மாறு கருதாத கொடையே கொடை என்று கற்று வளர்ந்தவர் நாம். ஆயின், பலர் கூடி உழைத்துப் பொதுவில் வைத்ததை ஒருவன் எடுத்துப் பூட்டிக்கொள்ள முனைவானாயின், அப்போதும் நிபந்தனையின்மை அறமாகுமா? இப்பழைய கேள்வியைக் கணினி மென்பொருள் இன்று புதிதாய் எழுப்பியுள்ளது.

மென்பொருளின் மூலநிரலைத் திறந்துவைப்போர் முன் இருவகை உரிமங்கள் உள்ளன. ஒன்று தளர்வுரிமம். எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காதவரை எவரும் அதை எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மூடி விற்கவும் செய்யலாம். எம்.ஐ.டி. உரிமம் இவ்வகையினது. மற்றது அளிப்புரிமம். இதையும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். ஆயின் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குங்கால், மூலநிரலையும் அதே உரிமைகளோடு வழங்குதல் வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜி.பி.எல். இவ்வகையுள் பெயர்பெற்றது. திருத்தியதைத் தன்னளவில் மட்டும் பயன்படுத்துவோனிடம் அது எதையும் கோருவதில்லை.

இத்தேர்வு நம் நாட்டுக்கும் நேர்ந்ததே. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதியவும் நிவாரணத்தைப் பங்கிடவும் இலங்கைக் கணினியாளர் தொண்டர்களாய்க் கூடி ஒரு மென்பொருளை ஆக்கினர். ‘சஹன’ என்பது அதன் பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிற்றியிலும் அது உதவியது. முதலில் எல்.ஜி.பி.எல். என்னும், சற்றே நெகிழ்ந்த அளிப்புரிமத்தில் வெளிவந்தது. பின்னர்ப் புதிதாய் எழுதப்பெற்ற ‘சஹன ஈடன்’ எம்.ஐ.டி. உரிமத்தை ஏற்றது.

தளர்வுரிமத்தார் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. இடிபாட்டினுள் மனிதர் சிக்கிக் கிடக்கையில், உரிம வாசகத்துக்கு விளக்கம் கேட்டு நிற்க எந்த நிறுவனத்துக்கும் பொழுதில்லை. மேலும், நிரலைப் பிறன் படியெடுப்பதால் மூலம் குறைவதில்லை. ஆகவே களவுபோனது எதுவுமில்லை என்பர் அவர்.

மாத்தளையில் வாழும் எனக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுகிறது. 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் இல்லாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவை எனக் கொண்டது. கிராமத்தார் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த பொதுநிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகளோடு இவ்விழப்பும் காரணமாயிற்று. அத்தோட்டங்களில் வியர்வை சிந்திய தமிழ்த் தொழிலாளர்க்கோ அந்நிலத்தில் ஓரடியும் சொந்தமாகவில்லை. பொதுமையைக் காக்கும் விதி எழுத்தில் இல்லாதவிடத்து, வலியவன் தன் விதியை எழுதிக்கொள்கிறான்.

நிலம் வேறு, நிரல் வேறு என்பது மெய்யே. நிலம் பறிபோனால் எஞ்சுவதில்லை, நிரல் எஞ்சுகிறது. ஆயினும் மூடிய படி செல்வாக்குப் பெறுங்கால், பயனாளரும் உழைப்போரும் அதன் பக்கம் பெயரலாம். அங்கே நிகழும் திருத்தமெதுவும் பொதுவுக்குத் திரும்ப வேண்டியதில்லை. திறந்த மூலம் பேணுவாரற்றுப் பழையதாகும் ஆபத்து மெய்யானது.

எனவே, கொடுப்பவனின் பெருந்தன்மையை மட்டும் வைத்து இதனைத் தீர்மானித்தல் போதாது. கடைசியாகப் பெறுபவனின் நிலையிலிருந்தும் நோக்க வேண்டும். தளர்வுரிமம் இடையில் நிற்பவனுக்கு முழுச் சுதந்திரம் தருகிறது; அளிப்புரிமம் அவனுடைய பூட்டும் சுதந்திரத்தைக் குறைத்து, அவனுக்கு அடுத்தவனின் சுதந்திரத்தைக் காக்கிறது. உடனே பரவுதலே உயிர் காக்குமிடத்தில் முன்னது தகும். எழுத்துரு, அகராதி, பாடமென்பொருள் என ஆண்டுக்கணக்கில் பலர் கூடி வளர்க்கவேண்டிய செல்வத்துக்குப் பின்னதே தகும் என்பது என் துணிபு. ஆசிரியரும் மாணவரும் கூடி ஆக்கியதை நாளை அவர்தம் பிள்ளைகளே விலைகொடுத்து வாங்க நேருமாயின், நிபந்தனையின்றிக் கொடுத்தோம் என்னும் பெருமை அவர்க்கு எவ்வகையில் உதவும்?