முதற் கோப்பைக்கு முன்னே

மனிதர் செய்யும் தவறுகளுட் பல, அறிவு விழித்திருக்கும்போதே செய்யப்படுபவை. சினத்தால் ஒன்று செய்கிறோம்; ஆசையால் ஒன்று செய்கிறோம். அப்போதும் உள்ளத்தின் ஒரு மூலையில் ‘இது தகாது’ என்னும் குரல் மெல்ல ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. மதுவோ அந்தக் குரலை முதலில் அடக்கிவிட்டுப் பின்னரே தன் வேலையைத் தொடங்குகிறது. ஆகவே, மது மயக்கத்தில் ஒருவன் செய்ததற்கு அவனைப் பொறுப்பாக்குவது முறையா என்னும் வினா எளிதில் விடை காணக்கூடியதன்று.

இவ்வினா நமக்கு ஏட்டளவில் நிற்பதுமன்று. நாம் வாழும் பாணேர், ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த சிற்றூர். இன்று அது கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி வீடுகளும், இரவு நெடுநேரம் விளக்கெரியும் மதுக்கூடங்களும் நிறைந்த புறநகர். தமிழகத்திலிருந்து வேலை தேடி வரும் இளைஞர் பலர்க்கு இதுவே முதற் புகலிடம். இதே புணே நகரின் மற்றொரு பகுதியான கல்யாணி நகரில், 2024 மே 19 அன்று பின்னிரவில், விரைந்து வந்த கார் ஒன்று மோதி, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் இருவர் உயிரிழந்தனர். காரை ஓட்டியவர் பதினேழு வயதுச் சிறுவர் என்றும், அவர் மது அருந்தியிருந்தார் என்றும் காவல் துறை குற்றஞ்சாட்டியது. அன்றே பிணை வழங்கிய சிறார் நீதிக் குழுமம், விபத்துகளைப் பற்றி முந்நூறு சொற்களில் கட்டுரை எழுதுமாறு நிபந்தனை விதித்தது. நாடே கொதித்தெழுந்தது. பொறுப்பு என்பதன் எடை எவ்வளவு என்னும் கேள்வியே அக்கொதிப்பின் உள்ளீடு எனலாம்.

மது செய்வதுதான் என்ன? குடித்த சில நிமிடங்களில் அது இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. நரம்பணுக்களிடையே அடக்கும் செய்திகளை வலுப்படுத்துகிறது. தூண்டும் செய்திகளைத் தளர்த்துகிறது. சீர்தூக்கிப் பார்த்தல், விளைவை எண்ணுதல், கை மீறாமல் தடுத்தல் ஆகியவற்றிற்கு உரிய முன்மூளை விரைவிலேயே தளர்வுறுகிறது. அதனால்தான் குடித்தவனுக்குத் தன் திறமை குறைவது தெரிவதில்லை, கூடுவதாகவே தோன்றுகிறது. ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று அவன் சொல்வது பொய்யன்று. அளக்கும் கோலே வளைந்துவிட்ட பின் எடுத்த அளவு அது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டலாகாது என்று நம் சட்டம் எல்லை வகுத்திருப்பதன் பொருள் இதுதான். அவனுடைய தீர்ப்பை அவனிடமே கேட்பதில் பயனில்லை என்று சட்டம் அறிந்திருக்கிறது.

நினைவின் நிலை இன்னும் வியப்பிற்குரியது. மிகுதியாகவும் விரைவாகவும் குடித்தவன் பேசுகிறான், நடக்கிறான், வண்டியும் ஓட்டுகிறான்; மறுநாள் எதுவும் நினைவில்லை என்கிறான். அவன் நடிக்கிறான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், நிகழ்வதை நீண்ட நினைவாகப் பதிக்கும் மூளைப்பகுதி அப்போது செயலற்றுப் போகிறது. எழுதியது அழிந்துபோகவில்லை, ஏட்டில் எழுதப்படவே இல்லை. நெடுங்காலக் குடியும் உணவுக் குறைவும் சேர்ந்து தயமின் என்னும் உயிர்ச்சத்தை வற்றச் செய்யும்போது இது நிலைத்த நோயாகவும் மாறக்கூடும். ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் 1887இல் விரித்துரைத்த அந்நோயில், மனிதன் நடவாதவற்றை நடந்தனவாக நம்பியே சொல்கிறான்.

நினைவே இல்லாத செயலுக்கு ஒருவனைத் தண்டிக்கலாமா? ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் இவ்வினாவில் இடர்ப்பட்டார். ஒருவனை ‘அவனே’ ஆக்குவது அவனது தன்னுணர்வுதான் என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின் குடித்தவனும் தெளிந்தவனும் ஒருவனா? மனித நீதிமன்றம் மெய்யான மறதியையும் பொய்யான மறதியையும் பிரித்தறிய இயலாமையால் தண்டிக்கிறது என்று அவர் அமைதி கூறினார். அரிஸ்டாட்டில் வேறு வழி கண்டார். மது மயக்கத்தில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த பழஞ்சட்டத்தைச் சுட்டி, குடியாமல் இருத்தல் அவன் கையில் இருந்தது என்றார். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், 2024 சூலை முதல் அதனிடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இதனை ஒட்டியே செல்கின்றன. விரும்பிக் குடித்தவனைத் தெளிந்தவனுக்கு இருந்திருக்கும் அறிவு உடையவனாகவே அவை கருதுகின்றன.

வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் இன்னும் நுட்பமான இடத்தைத் தொடுகிறார். குடித்தவனிடம் நியாயம் பேசுவதை, நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதற்கு ஒப்பிடுகிறார். அடுத்த குறளிலோ, குடியாத வேளையில் பிறன் ஒருவனது களிப்பைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப் பார்க்கமாட்டானோ என்று வினவுகிறார். மயங்கியவனுக்குத் தன்னைக் காணக் கண்ணில்லை. தெளிந்த பொழுதில் பிறனே கண்ணாடி. ஆக, தீர்ப்புக்குரிய காலம் முதற் கோப்பைக்கு முன்னே இருக்கிறது. பின்னர் வரும் கோப்பைகளைப் பற்றித் தீர்ப்பளிக்க நடுவர் அங்கே இருப்பதில்லை.

ஒரு தடை எழலாம். குடிக்கு அடிமையாகிவிட்டவனுக்கு முதற் கோப்பையும் அவன் கையில் இல்லையே? உண்மைதான். அது நோய். இந்நகரில் 1986இல் மருத்துவர்கள் அனில் அவசட், அனிதா அவசட் இணையர், எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயின் பொருளுதவியுடன் தொடங்கிய முக்தாங்கண் மறுவாழ்வு மையம், குடியரை இழிந்தவராக அன்றி நோயுற்றவராகவே நடத்திப் பலரை மீட்டிருக்கிறது. ஆயினும் நோய் என்பதால் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. அது இடம் மாறுகிறது. தெளிந்திருக்கும் ஒரு நாழிகையில் உதவி கேட்டுக் கை நீட்டுவது அவன் பொறுப்பு. நீட்டிய கையைப் பற்றுவது சுற்றத்தின் பொறுப்பு.

வீட்டை விட்டு வந்து வாழும் இளைஞர்க்கு நண்பரே சுற்றம். வாயிலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் தாய் இங்கே இல்லை. வண்டிச் சாவி இன்று யாரிடம் இருக்கும் என்பதை விருந்து தொடங்குமுன் முடிவு செய்தல் வேண்டும். மற்றொரு கடமையும் உண்டு. இரவில் அவன் உளறியதையும் தடுமாறியதையும் மறுநாள் நாம் சிரிப்புக் கதையாக்குகிறோம். அவன் பிறர் மனத்தைப் புண்படுத்தியதையோ, உயிருக்கு ஊறு நேரவிருந்ததையோ சொல்லாமல் மறைக்கிறோம். அவன் மூளை எழுதாத ஏட்டை நம் கண்கள் எழுதி வைத்திருக்கின்றன. அதனை நகையாடாமலும் மறைக்காமலும், தெளிந்த பின் அவன்முன் படித்துக் காட்டுவதே நட்பு.